இரண்டாம் தடவை கேட்ட மன்னிப்பு

போன கிழமை அலீமா அந்தப் பேச்சைப் பேசியிருக்கக் கூடாது. பேசிவிட்டாள். நீங்களும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வாசித்திருப்பீர்கள். இந்தக் கிழமைதான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்தபோது அலீமாவின் ஒரே மகள் பஹ்மா உயர்தரப் பரீட்சையின் நடுவில் இருந்தாள். பாதிப் பாடம் எழுதியாயிற்று. மீதி தள்ளிப் போயிற்று. நுரைச்சோலைக்கு அடுத்த அந்தச் சின்ன வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பதினைந்து நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் போட்டுப் படுத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். தண்ணீர் வடிந்தது, பிள்ளையின் முகம் மட்டும் தெளியவில்லை. கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை இரண்டு மணித்தியாலம் பார்ப்பாள். மழை தூறினால் போதும், புத்தகத்தையெல்லாம் தூக்கி அலுமாரிக்கு மேலே வைப்பாள்.

அதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் அலீமா வாயை விட்டாள்.

"தொண்ணூறில மன்னார விட்டு விரட்டினப்ப உடுத்த உடுப்போட வந்தவங்க நாங்க. எனக்கு அப்ப ஏழு வயசு. நாங்க ஆராவது மூலையில குந்திக்கிட்டு இருந்தமா? உனக்கு நாலு கொப்பி நனைஞ்சதுக்கு இவ்வளவு ஆட்டமா?"

பஹ்மா எழும்பிப் போய் அரிசி கழுவினாள்.

அடுத்த நாளிலிருந்து பிள்ளை திருந்திவிட்டாள். அப்படித்தான் அலீமா நினைத்தாள். சுபஹுத் தொழுகைக்குக் கூப்பிடாமலே எழும்பினாள். முற்றம் கூட்டினாள். இரண்டு ரக்அத் தொழ அரை மணித்தியாலம் எடுத்தாள், ஸுஜூதில் தரையில் வைத்த தலை நிமிர வெகு நேரமானது. அலீமா கதவோரம் நின்று பார்த்துப் பூரித்துப் போனாள். வெங்காய லொறியோடு தம்புள்ளைக்குப் போயிருந்த கணவன் அபூசாலிக்கு ஃபோனில் பெருமையாகவும் சொன்னாள்.

"ஏசினது வேலை செஞ்சிரிச்சி. புள்ள இப்ப தங்கம் மாதிரி இருக்கா."

தாய்மாரே, உங்களில் எத்தனை பேர் இப்படி ஏமாந்திருப்பீர்கள்? நான் ஏமாந்திருக்கிறேன்.

இன்றைக்குச் சனிக்கிழமை. நாளை கழித்து, திங்கட்கிழமை, பரீட்சை மறுபடி தொடங்குகிறது. முதல் பாடமே இரசாயனவியல்.

காலை ஒன்பது மணி. அலீமா பின்பக்கம் குந்தியிருந்து மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். பஹ்மா குளித்து, கறுப்பு அபாயா போட்டு, தலையை வடிவாய் மூடிக்கொண்டு வந்து நின்றாள்.

"உம்மா, ஒரு சுத்து போய்ட்டு வாறன். லெய்லா மாமி வீடு, மாமா வீடு எல்லாம்."

"இந்த வெயிலுக்க என்னத்துக்கு?"

"எல்லார்ட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டு வாறன். சோதனை வருதுதானே."

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பழக்கம். ஹஜ்ஜுக்குப் போகிறவர் எப்படி வீடு வீடாய் ஏறி இறங்குவாரோ, அப்படித்தான் பெரிய சோதனைக்குப் போகிற பிள்ளையும். தெரிந்தோ தெரியாமலோ பிழை செய்திருந்தால் மன்னியுங்கள், துஆ செய்யுங்கள் என்று கேட்கும். பெரியவர்கள் தலையைத் தடவி அனுப்புவார்கள். ஒருவருடைய மனத்தாங்கலையும் சுமந்துகொண்டு போகக் கூடாது, அதுதான் கணக்கு.

போகிற போக்கில் பஹ்மா குனிந்து, மீன் செதில் ஒட்டியிருந்த தாயின் கையைப் பிடித்தாள்.

"நீங்களும் என்னை மன்னிச்சிருங்க உம்மா."

"சீ, கை நாறும் புள்ள, விடு. அல்லாஹ் எல்லாத்தையும் லேசாக்கி வைப்பான். வெள்ளன வா, மீன் பொரிச்சு வைக்கிறன்."

பஹ்மா கையை உடனே விடவில்லை. அலீமாதான் இழுத்துக்கொண்டாள்.

பத்தரை மணிக்குப் பக்கத்து வீட்டு லெய்லா வேலியோரம் வந்து குரல் கொடுத்தாள். ஊரில் ஒரு கோழி முட்டையிட்டாலும் முதலில் அறிகிறவள் அவள். ஆனால் வஞ்சகமில்லாத மனுஷி.

"அலீமா, புள்ளய நல்லா வளர்த்திருக்கா நீ. இந்தக் காலத்துல ஆரு ரெண்டு தரம் வந்து மன்னிப்புக் கேக்குது? என்ட மகனும்தான் சோதனை எழுதினான், ஒருத்தர்ட்டயும் கேக்கல்ல."

"ஓம் ராத்தா, அவள் அப்பிடித்தான்," என்று சிரித்த அலீமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "என்ன சொன்னீங்க? ரெண்டு தரமா?"

"நவம்பர்லயும் வந்தாதானே. நீ கூட வட்டிலப்பம் குடுத்து அனுப்பினா. அதே சோதனைதானே இது. இருக்கட்டும், கூடக் கேட்டா என்ன, நன்மைதானே."

"ஓம்..."

"ஆனா போன முறை துஆ கேட்டா. இந்த முறை அதை மறந்துட்டா போல. மன்னிப்பு மட்டும்தான் கேட்டா. நானாத்தான் சொன்னன், மூணு ஏ எடுக்க துஆ செய்றன் எண்டு. ஒண்டும் சொல்லாம சிரிச்சிட்டுப் போய்ட்டா."

லெய்லா இன்னும் என்னவோ சொன்னாள். அலீமாவின் காதில் ஏறவில்லை. சும்மா இருக்கும், பிள்ளைக்குப் பயம், இரண்டாம் தரமும் கேட்கலாம் என்று நினைத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே மகளின் அறைக்கு ஓடினாள்.

கட்டில் விரித்து மடிப்புக் குலையாமல் கிடந்தது. மேசை துடைத்து வெறுமையாக இருந்தது. அதன் நடுவில் பஹ்மாவின் ஃபோன். குளிக்கப் போகும்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்கிற ஃபோன் அது.

அலீமா அலுமாரிக்கு மேலே பார்த்தாள். இரசாயனவியல் கொப்பிகள் ஐந்தும் இல்லை.

வெள்ளத்தன்று பெருநாள் உடுப்பைக்கூட எடுக்காமல், அந்தக் கொப்பிகளை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து வந்தவள் பஹ்மா. அவை எங்கே?

செருப்பு எந்தக் காலுக்கு எது என்று பாராமல் மாட்டிக்கொண்டு அலீமா தெருவில் இறங்கினாள். இரண்டு ஒழுங்கை தாண்டினால் ஸும்ராவின் வீடு. பஹ்மாவோடு ஒரே வகுப்பில் படிக்கிற பிள்ளை, ஒரே பேனையை மாறி மாறிப் பிடிக்கிற சிநேகிதி.

ஸும்ரா வாசலிலேயே நின்றாள். அவள் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தது அந்த ஐந்து கொப்பிகளையும்தான். அலீமாவைக் கண்டதும் அவளுக்கு முகம் வெளுத்தது.

"மாமி, நானே உங்கட வீட்டுக்குத்தான் வர இருந்தன். இப்ப கொஞ்சம் முந்தி பஹ்மா வந்து இதைத் தந்தா. திங்கள் சோதனை, உனக்கு வேணாமா எண்டு கேட்டன். எனக்கு இனி வேணாம், நீ நல்லா எழுது எண்டா."

"இனி வேணாமெண்டா? அப்பிடியா சொன்னா?"

ஸும்ராவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"மாமி, ஒரு மாசமா அவள் நித்திரை கொள்றல்ல. காலையில எழும்பாமலே இருந்தா நல்லம் எண்டு ரெண்டு மூணு தரம் சொன்னா. ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு என்ட்ட சத்தியம் வாங்கினா. சத்தியத்த முறிச்சா பாவம்தானே எண்டு நான்..."

அலீமாவின் கை ஓங்கியது. அந்தப் பிள்ளையை அறைந்திருப்பாள். அதற்குள் தன் வீட்டுக் கட்டிலில் நித்திரையில்லாமல் கிடந்தது தன் பிள்ளைதான், அடுத்த அறையில் குறட்டை விட்டது தான்தான் என்பது உறைத்தது. கை கீழே விழுந்தது.

"பிறகு அழலாம் மகள். எந்தப் பக்கம் போனா?"

"களப்புத் தண்ணிப் பக்கம் மாமி."

யா அல்லாஹ்.

அலீமா ஓடவில்லை. முதலில் ஓடவில்லை, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேகமாக நடந்தாள். குமர்ப்பிள்ளையைக் காணவில்லை என்று சத்தம் போட்டால் ஊர் என்ன கதைக்கும்? நாளைக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தால் இதைத்தானே முதலில் எடுப்பார்கள்? இப்படியெல்லாம் அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது. கடையடியில் நின்ற இரண்டு பேருக்கு ஸலாம் கூடச் சொன்னாள்.

வெங்காயத் தோட்டத்து முள்வேலி முடிகிற இடத்தில் களப்பு தெரிந்தது. வெயிலில் கண்ணைக் குத்துகிற வெறும் தண்ணீர். கரையில் ஒருவரும் இல்லை.

அந்த இடத்தில் ஊரும் உலகமும் அவளைவிட்டுப் போயின.

"பஹ்மா! ஏ பஹ்மா! மகள்!"

தோட்டத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும். அலீமா கத்திக்கொண்டே ஓடினாள். மணலில் செருப்புப் புதைந்தது, கழற்றி எறிந்தாள். சிப்பி காலைக் கிழித்தது தெரியவில்லை. வாய் தன்பாட்டில் ஓதியது, பாதி ஓதல், பாதி புலம்பல். என்ட புள்ளய தா. என்ட நாக்க வேணுமெண்டா எடு. புள்ளய தா.

கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைத்திருந்த தோணி ஒன்றின் மறுபக்கம் கறுப்பாய் ஏதோ தெரிந்தது.

பஹ்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தாள். அபாயா நனையவில்லை. உயிரோடு இருந்தாள்.

அலீமா தவழாத குறையாகப் போய் மகளைப் பிடித்தாள். முதலில் முதுகில் இரண்டு அடி வைத்தாள். பிறகு அதே முதுகைத் தடவினாள். அடித்தது எதற்கு, தடவியது எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்ன வேலை செய்யப் பாத்தா? என்ன புள்ள வேலை இது?"

பஹ்மா அழவில்லை. தாயின் காலைப் பார்த்தாள்.

"இரத்தம் வருது உம்மா."

"வந்தா வரட்டும். என்னைப் பார். பாரன் மகள்."

பார்த்தாள். ஒரு கிழமையாகத் தங்கம் மாதிரி இருந்த முகம் இதுதானா? கண்ணுக்குள் ஒருவரும் இல்லை. அலீமாவுக்கு வெயிலிலும் குளிர் எடுத்தது. பிள்ளை கிடைத்துவிட்டாள், ஆனால் இன்னும் கிடைக்கவில்லை என்று விளங்கிற்று. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

கேட்க வேண்டும். அந்தச் சொல்லை வாயால் எடுத்தால் அது நடந்துவிடும் என்று வளர்ந்தவள் அலீமா. வீட்டில் மௌத்து, சாவு என்று சொன்னாலே வாயில் அடிப்பார்கள். என்றாலும் கேட்டாள்.

"மௌத்தாப் போகணும் எண்டு நினைச்சியா?"

பஹ்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நெற்றியை முழங்காலில் வைத்துக்கொண்டாள். அப்படியே பேசினாள்.

"ஒண்டும் உள்ளுக்க போகுதில்ல உம்மா. வாசிக்கிறன், எழுத்து அப்பிடியே தாளில நிக்குது. சாப்பாடு மண் மாதிரி இருக்கு. அழுதா சரியாகும் எண்டு ஸுஜூதில கிடந்து பாத்தன், அழுகை வருதில்ல. எழுதிப் பாத்தன், கிழிச்சுப் போட்டன். வீடு முழுக்கக் கழுவிப் பாத்தன். கவுன்சிலிங் டீச்சர் சொல்லித் தந்த மாதிரி மூச்ச எண்ணிப் பாத்தன். எல்லாம் செஞ்சன் உம்மா. நான் சும்மா மூலையில குந்திக்கிட்டு இருக்கல்ல."

கடைசிச் சொல் அலீமாவின் நெஞ்சில் போய்த் தைத்தது. பிள்ளை அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் கூடுதலாய் வலித்தது.

"நாங்களும் அழுதனாங்க மகள்," என்றாள் அலீமா. "தொண்ணூறில. அகதிக் கொட்டிலுக்குள்ள கிடந்து ஒரு வருசமா நான் ஒருத்தரோடயும் கதைக்கல்ல. ஊமை எண்டே பேர் வச்சாங்க. நான் பொய் சொன்னன் உனக்கு."

பஹ்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். பதினெட்டு வருசத்தில் தாய் இதைச் சொன்னதே இல்லை.

"எழும்பு. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"ஐயோ வேணாம் உம்மா. லெப்பைட்ட கூட்டிட்டுப் போங்க, ஓதிப் பாக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போனா பைத்தியம் எண்டுடுவாங்க. வாப்பா வெளிக்கிட்டு நாலு பேருக்கு முகம் காட்ட ஏலாம போகும்."

"ஓதுறதையும் ஓதுவம். மருந்தையும் பாப்பம். வாப்பாட முகத்த வாப்பா பாத்துக்குவார்."

ஒழுங்கை முனையில் முபாறக்கின் ஓட்டோ நின்றது. தாயின் காலில் இரத்தம், மகளின் தோளைச் சுற்றி இறுக்கிப் பிடித்த கை. முபாறக் உடனே ஓட்டோவைக் கிளப்பினான். பாலாவிச் சந்தி தாண்டும்வரை அலீமாவின் மடியில் செருகியிருந்த ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அபூசாலியின் பெயர். அவள் மகளைத் தேடிக் கத்திக் களேபரப்பட்டது இதற்குள் தம்புள்ளைவரை போயிருக்கும், தோட்டத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அலீமா எடுக்கவில்லை. ஒரு கையால் ஃபோனை எடுத்தால் பிள்ளையை ஒரு கையால்தான் பிடிக்கலாம்.

புத்தளம் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் சனக்கூட்டம். காய்ச்சல் பிள்ளைகள், சைக்கிளால் விழுந்தவர்கள், ஒக்சிசன் பிடித்துக்கொண்டு ஒரு முதியவர். மேசைக்குப் பின்னால் இருந்த தாதி கொப்பியைத் திருப்பிக்கொண்டு சிங்களத்தில் கேட்டாள், என்ன வருத்தம் என்று. அலீமாவின் இரத்தக் காலைப் பார்த்துத்தான் கேட்டாள்.

அலீமாவுக்குச் சிங்களம் சந்தைக்குக் காணும், ஆஸ்பத்திரிக்குக் காணாது. எத்தனை வருசமாக இந்த மேசைக்கு முன்னால் அவளுக்காகக் கதைத்தது யார்? பிரஷர் என்றாலும், நாரி நோவு என்றாலும், உம்மா சொல்லச் சொல்ல சிங்களத்தில் மாற்றிச் சொன்னது பஹ்மாதான். பழக்கதோஷத்தில் இன்றைக்கும் அலீமா மகளின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

பார்த்த பிறகுதான் விளங்கியது, எதைச் சொல்லச் சொல்லிக் கேட்கப் போகிறோம் என்று. காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். தலைச்சுற்று என்று சொல்லிவிடலாம். பின்னால் நிற்கிற சனத்தில் நாலு பேராவது நுரைச்சோலைப் பக்கத்து முகம். ஒருவன் காதைத் தீட்டிக்கொண்டே நின்றான்.

அலீமா அவனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். என்றாலும் மகளின் விரல்களைக் கோத்துப் பிடித்துக்கொண்டு, தமிழில், அந்த மண்டபத்துக்கே கேட்கச் சொன்னாள்.

"கால்ல ஒண்டுமில்ல எண்டு சொல்லு. என்ட மகளுக்கு மனசு சரியில்ல எண்டு சொல்லு. ரெண்டு மாசமா எனக்கு விளங்கல்ல எண்டும் சொல்லு. மத்தத நீயே சொல்லு மகள். எனக்கு அந்தப் பாஷையில வராது."

தாதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பஹ்மாவின் உதடு இரண்டு தரம் அசைந்தது. களப்பங்கரையில் தாயிடம் சொல்ல முடியாத அந்த ஒன்று தொண்டையில் நின்றது. அலீமா விரலை விடவில்லை.

"மிஸ்..." என்றாள் பஹ்மா. "மட்ட மெரென்ன ஹிதெனவா."

அவ்வளவு சிங்களம் அலீமாவுக்குத் தெரியும். எனக்குச் சாக வேணும்போல இருக்கு.

தாதி பேனையைக் கீழே வைத்தாள். காதைத் தீட்டியவன் தலையைக் குனிந்துகொண்டான். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்த தாதி, "எண்ட துவ, எண்ட," வா மகளே வா என்று பஹ்மாவின் தோளில் கையை வைத்தாள். அவ்வளவுதான். இரண்டு மாசமாக வராத அழுகை அந்தப் பிள்ளைக்கு அந்த இடத்தில் வந்தது. குலுங்கிக் குலுங்கி, மூக்கெல்லாம் ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அலீமா முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அழட்டும், அழட்டும் என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே டொக்டர் வெகுநேரம் கதைத்தார். தமிழ் தெரிந்த இன்னொரு தாதி வந்து விளங்கப்படுத்தினாள். இன்றைக்கு வீட்டுக்கு விட முடியாது. வார்டில் வைத்திருக்க வேண்டும். தனியே விடக் கூடாது. திங்கட்கிழமை சோதனையா? அதைத் திங்கட்கிழமை பார்ப்போம், இப்போது பிள்ளையைப் பார்ப்போம். மனநல டொக்டர் வருவார்.

வார்டு வாசலில் நிற்கும்போது ஃபோன் மறுபடி அதிர்ந்தது. பன்னிரண்டாம் தடவை. கட்டிலில் படுத்திருந்த பஹ்மா தலையைத் தூக்கினாள். வாப்பாவுக்குச் சொல்லாதீங்க என்று கண்ணால் கெஞ்சினாள். அபூசாலியின் கோபம் அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அலீமா ஃபோனை எடுத்தாள்.

அந்தப் பக்கம் லொறி இரைச்சல். அதற்கு மேலால் அபூசாலியின் கத்தல்.

"எங்கடி நிக்கிறா? ஊரெல்லாம் என்ன கதைக்குது? லொறியத் திருப்பிட்டன் நான், ஆனமடுவக்கிட்ட வந்துட்டன். என்ன மானக்கேட்டுக் கதை இது? புள்ள என்ன செஞ்சா?"

அலீமா கட்டிலைப் பார்த்தாள். போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"உசிரோட இருக்கா," என்றாள். "முதல்ல அதக் கேட்டிருக்கணும் நீங்க. இனி வந்து, கத்தாம, கட்டிலடியில குந்தி, மத்ததையெல்லாம் கேளுங்க."